கதிருக்கு: ஃப்ளாக்ஸ்டாஃப் கிளம்பும் முன்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மே மாதம் அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃபில் நடக்கும், வண்டியிலேயே தங்கிக் காடுமேடு சுற்றுகிறவர்களின் கண்காட்சியான ஓவர்லேண்ட் எக்ஸ்போவுக்கு உன் டொயோட்டா ஃபோர்ரன்னரில் போகப் போவதாகவும், அதற்குள் வண்டியின் கூரைமேல் விரிக்கும் கூடாரம், இரும்பு பம்பர், மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் வின்ச் மூன்றையும் வாங்கிவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். தாராளமாகப் போய் வா. வாங்குவதை மட்டும் திரும்பி வரும்வரை தள்ளி வை. முதல் காரணம் எடை.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். ஓட்டுகிற உன் எடையும் அந்தக் கணக்கில் சேரும், பலர் இதை மறந்துவிடுவார்கள். உன் வண்டியில் 1,100 என்று இருப்பதாக வைத்துக்கொள். நீயும் நண்பனும் 320. கூரைக் கூடாரம் 150. ஃப்ரிட்ஜும் உள்ளே இருப்பதும் 70. தண்ணீர் 40 லிட்டர் என்றால் 88. கருவிகள், கயிறு, கம்ப்ரசர் 60. கூடுதல் பேட்டரி 30. பம்பரும் வின்ச்சும் 250. இதுவே 968. நாற்காலி, அடுப்பு, துணிமணி, மளிகை என்று 150 ஏறினால் 1,118. ஒரு கல்லில்கூட ஏறாமலேயே வரம்பு தாண்டிவிட்டது. அதிக பாரத்தில் முதலில் பின் ஸ்பிரிங் தொய்யும், பிறகு டயர் சூடேறும், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும்.

கூரையின் கணக்கு தனி. வண்டி நிற்கும்போது இரண்டு பேரைத் தாங்கும் கூரை, ஓடும்போது அதில் சிறு பங்கைத்தான் தாங்கும். கையேட்டில் ஒரு எண் இருக்கும், குறுக்குக் கம்பிக்கு வேறொரு எண் இருக்கும். இரண்டில் குறைந்ததுதான் உன் வரம்பு. கூடாரத்தின் எடையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, கம்பியின் எடையைச் சேர்க்காமல் விடுகிறவர்கள் நிறைய.

எக்ஸ்போவில் விதவிதமான கூடாரங்களை விரித்தே வைத்திருப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்துப் பார். நடுராத்திரி பாத்ரூமுக்கு அந்த ஏணியில் இறங்க முடியுமா என்றும் யோசி. கேம்பில் பழைய வண்டியோடு வந்திருப்பவர்களிடம், எதையெல்லாம் வாங்கிப் பிறகு கழற்றிப் போட்டார்கள் என்று கேள். கடைக்காரர் அந்தப் பட்டியலைத் தரமாட்டார். ஓட்டும் பயிற்சி, வின்ச் கையாளுதல், டயர் பஞ்சர், முதலுதவி வகுப்புகள் இருந்தால் அவற்றுக்குப் பணத்தைச் செலவழி.

இடம் ஃபோர்ட் டட்ஹில் கவுண்டி பார்க், ஊருக்குத் தெற்கே, இன்டர்ஸ்டேட் 17 நெடுஞ்சாலையில் 337-ஆம் எக்ஸிட். பகல் டிக்கெட் வேறு, கேம்பில் தங்கும் டிக்கெட் வேறு, தங்குவது முதலில் தீரும். கிடைக்காவிட்டால் சுற்றிலும் கோகோனினோ தேசியக் காடு இருக்கிறது. எந்தக் காட்டுச் சாலையில் தங்கலாம் என்பதை வனத்துறையின் வாகன வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போ. ஊரை ஒட்டிய பல பகுதிகளில் தங்கத் தடை உண்டு.

நீ கிளம்பும் ஃபீனிக்ஸ் 1,100 அடி உயரம், ஃப்ளாக்ஸ்டாஃப் சுமார் 7,000 அடி. உன் வண்டியில் டர்போ இல்லாத எஞ்சின், அந்த உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தி குறையும். வெர்டி பள்ளத்தாக்குக்கு இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே போகாதே. கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடி. கேம்ப் வெர்டிக்கு அப்புறம் நீண்ட ஏற்றம், வெப்ப முள் மேலே போனால் ஏசியை நிறுத்து. வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பாதே. ஃபீனிக்ஸ் வெயிலிலிருந்து தப்பிக்க ஊரே அந்தச் சாலையில்தான் போகும். வியாழன் காலையே புறப்படு.

டயர் காற்றில் ஒரு வேடிக்கை உண்டு. உயரம் ஏறினால் வெளியழுத்தம் குறைவதால் மீட்டர் சுமார் 2.8 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். குளிர் ஒவ்வொரு 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் சுமார் 1 குறைக்கும். 85 டிகிரியில் நிரப்பிய டயர், மறுநாள் காலை 30 டிகிரியில் மொத்தத்தில் இரண்டு, மூன்று குறைவாக இருக்கும். டயர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பதறாமல் மீட்டர் வைத்துப் பார், ஆணி இல்லையென்றால் நிரப்பிக்கொள். ஸ்டெப்னியிலும் காற்றைச் சோதி. உன் வண்டியில் அது அடியில் தொங்குகிறது. கைப்பிடியைப் பொருத்திச் சங்கிலியை இறக்கும் வேலையை வீட்டு வாசலிலேயே ஒரு தடவை செய்து பழகு. துருப்பிடித்துச் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

எக்ஸ்போ முடிந்ததும் மண்ணில் ஓட்ட ஆசை வரும். ஊருக்கு வடகிழக்கே சிண்டர் ஹில்ஸில் எரிமலைச் சரளை. மணல்போல் உள்வாங்கும். அங்கே டயர் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கு. கல் பாதைக்கு 20க்கு மேல் போதும். இறக்கிய பிறகு வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார் ரோட்டுக்கு வருமுன் நிரப்பியாக வேண்டும், கம்ப்ரசர் இல்லாமல் காற்றை இறக்கவே இறக்காதே. ஷ்னெப்லி ஹில் ரோடு பக்கம் இந்த முறை போகாதே, முழுக்கக் கல்.

வண்டி மாட்டிக்கொண்டால்: 7/8 அங்குலத்தில் 30 அடி நீண்டு கொடுக்கும் இழுவைக் கயிறு, அதை வண்டியில் மாட்ட இரண்டு சாஃப்ட் ஷாக்கிள் (கயிற்றாலான வளையம்), ஒரு மண்வெட்டி போதும். முதலில் மண்வெட்டி, கடைசியில் கயிறு. டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் கயிறு மாட்டாதே, யார் சொன்னாலும் மாட்டாதே. அது உடைந்தால் குண்டுபோல் பறந்து கண்ணாடியைத் துளைக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். லாரியிலும் கப்பலிலும் வண்டியைக் கட்டும் வளையங்களும் இழுக்க உகந்தவை அல்ல. இழுக்கும்போது சுற்றி நிற்பவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கச் சொல்.

மே இரவில் அங்கே உறைநிலைக்கு அருகில் இறங்கும். ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு வெப்பநிலை எழுதியிருப்பார்கள், ‘கம்ஃபர்ட்’ என்பதைப் பார், ‘லிமிட்’டைப் பார்த்து ஏமாறாதே. தரையின் குளிர்தான் அதிகம், பாயின் ஆர் மதிப்பு (குளிரைத் தடுக்கும் அளவு) 4க்குக் குறையக் கூடாது. கூடாரத்துக்குள் அடுப்போ ஹீட்டரோ பற்றவைக்காதே, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பகலில் காற்று பலமாக அடிக்கும். வண்டியோர நிழல் பந்தலை ஆப்பு அடிக்காமல் விட்டுவிட்டு ஸ்டால் பார்க்கப் போகிறவர்களின் பந்தல்தான் மாலையில் கூரைமேல் கவிழ்ந்து கிடக்கும்.

மூன்று நாளுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம். ஒரு நாளைக்கு 30 முதல் 50 ஆம்பியர்-மணி இழுக்கும், ஸ்டார்ட்டர் பேட்டரி ஒரே இரவில் படுத்துவிடும். கெட்டியான ஐஸ் கட்டி போட்ட பெட்டி போதும்.

சமையலில் இரண்டு சங்கதி. கொரியக் கடையில் வாங்கிய நீளக் கேன் அடுப்பில் பியூட்டேன், அது உறைநிலைக்கு அருகில் ஆவியாகவே மறுக்கும், காலைக் காபி நடக்காது. புரொப்பேன் அடுப்பு எடுத்துப்போ. 7,000 அடியில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. மூன்று லிட்டர் குக்கர் இல்லாமல் சாம்பார் ஆசை வைக்காதே. மழை வருவதற்கு முன் காடு காய்ந்திருக்கும் மாதம் இது. விறகுத் தீக்குத் தடை வரலாம், கிளம்பும் அன்று வனத்துறை அறிவிப்பைப் பார். தடைக் காலத்திலும், மூடித் திறக்கும் வால்வு உள்ள கேஸ் அடுப்புக்குப் பெரும்பாலும் அனுமதி உண்டு.

முதல் நாள் தலைவலித்தால் அது உயரம், தண்ணீர் குடித்துவிட்டுப் படு. ஞாயிறு மாலை எல்லோரோடும் சேர்ந்து கிளம்ப வேண்டாம். அந்தி நேரத்தில் அந்தச் சாலையில் எல்க் மான் குறுக்கே வரும், ஒவ்வொன்றும் குதிரை அளவு. திங்கள் காலை, டயரில் காற்று நிரப்பி, சக்கர நட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கு. அன்றைக்கும் வேலைக்கு லீவு சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா