ஒரே சட்டம், இரண்டு மாநிலங்கள்

கொலம்பஸ், ஓஹியோ

அன்புள்ள முருகேசனுக்கு,

பேத்தி பிறந்த செய்தி அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வாஷிங்டனில் போடும் ஒரே மருத்துவச் சட்டம் உன் ஹியூஸ்டனில் ஒரு விதமாகவும் எங்கள் ஊரில் வேறு விதமாகவும் நடப்பது ஏன் என்று கேட்டிருந்தாய்.

1965 ஜூலை 30 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட ஒரே சட்டத்தில் மெடிகேர், மெடிகெய்டு என்ற இரண்டு அரசு மருத்துவக் காப்பீடுகளும் பிறந்தன. ஆனால் முதியோருக்கான மெடிகேர் மத்திய அரசின் பொறுப்பு. ஏழைகளுக்கான மெடிகெய்டை மாநிலமும் சேர்ந்து சுமக்கிறது. வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானமுள்ள எல்லோரையும் மெடிகெய்டில் சேர்க்க வேண்டும் என்றது 2010இன் ஒபாமாகேர் சட்டம். மறுக்கும் மாநிலத்துக்கு ஏற்கெனவே தரும் நிதியையும் நிறுத்துவோம் என மிரட்டுவது செல்லாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், சேர்ப்பது மாநிலத்தின் விருப்பமாயிற்று. ஓஹியோ சேர்த்தது, செலவில் 90 சதவீதம் மத்திய அரசிடமிருந்து வருகிறது. உன் டெக்சஸ் சேர்க்கவில்லை, பிள்ளையில்லாத, உடல்நலமுள்ள நடுவயதுக்காரர் எவ்வளவு ஏழையானாலும் அங்கே அவருக்கு இடமில்லை.

2025 ஜூலை 4இல் வந்த சட்டம் எங்களைத்தான் அதிகம் தொடுகிறது. மாநிலங்கள் தங்கள் பங்கைத் திரட்ட மருத்துவமனைகள் மீது விதிக்கும் வரியின் உச்ச வரம்பு, ஓஹியோவைப் போல இப்படி எல்லோரையும் சேர்த்து மெடிகெய்டை விரிவாக்கம் செய்த மாநிலங்களில் 2028 முதல் படிப்படியாக 6 சதவீதத்திலிருந்து 3.5 ஆகக் குறையும். உங்களுக்கு அந்தக் குறைப்பு இல்லை, இருக்கும் வரியை உயர்த்தத்தான் முடியாது. என்னைக் கேட்டால் வரியைவிடப் படிவம்தான் கொடியது. விரிவாக்கத்தில் சேர்ந்தவர்கள், விலக்கு இல்லாவிட்டால், 2027 தொடக்கத்திலிருந்து மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ தொண்டோ செய்வதாகக் காட்ட வேண்டும். தகுதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெய்ப்பிக்கவும் வேண்டும். 2018இல் ஆர்கன்சாஸ் மாநிலம் இந்த வேலை நிபந்தனையை வைத்துப் பார்த்தது. வேலை நேரக் கணக்கை முதலில் இணையத்தில் மட்டுமே பதிய வேண்டியிருந்தது. அந்தத் தளமோ இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத்தான் திறக்கும். மறு ஆண்டு நீதிமன்றம் தடுப்பதற்குள் சுமார் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள். அவர்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் உண்டு என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மெடிகேரால் மாநிலத்துக்குச் செலவே இல்லை என்றும் எண்ணிவிடாதே. மெடிகேர், மெடிகெய்டு இரண்டிலும் இருக்கும் ஏழை முதியோரின் மருந்துச் செலவை 2003ஆம் ஆண்டுச் சட்டம் மெடிகேருக்கு மாற்றியது. ஆனால் அதற்காக மாநிலங்கள் மாதந்தோறும் மத்திய அரசுக்குப் பணம் கட்டுகின்றன. மாநிலத்துக்கு நிதி கொடுக்கும் மத்திய அரசே மாநிலத்திடம் வாங்கும் இந்த ஏற்பாட்டை வேறெங்கும் நான் கண்டதில்லை.

உன் மாமியார் இங்கே வேலை பார்த்ததில்லை அல்லவா? கிரீன் கார்டு பெற்று இங்கே ஐந்தாண்டுகள் தொடர்ந்து வசித்த பிறகு மாதக் கட்டணம் செலுத்தி அவர் மெடிகேரில் சேரலாம். அதுவரை தனியார் காப்பீடு எடுத்து வைப்பது நல்லது. பதிவுக் காலம் முடிவதற்குள் கேட்டு எழுது.

அன்புடன்,
சிதம்பரம்