அடுத்த பெருந்தொற்றுக்கு விதி எழுதப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சுகாதாரத் துறைகளில் அவசரகால விதிகளை எழுதும் அதிகாரிகளுக்குத்தான் இந்த மடல், நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் சரி. கோவிட் சமயத்தில் வழிபாட்டுத் தலங்கள் பக்கமே அரசு போயிருக்கக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. மூடிய அறையில் நெருங்கி நின்று வாய்விட்டுப் பாடினால் என்ன ஆகும் என்று 2020 மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பகுதியில் நடந்த பாடகர் குழுப் பயிற்சி காட்டிவிட்டது. வந்தவர்கள் 61 பேர். தொற்று உறுதியானவர்களும் தொற்றியிருக்கக்கூடும் என்று கணித்தவர்களுமாக 53 பேர், அதில் 2 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் அது வழிபாடுகூட இல்லை, பாட்டுப் பயிற்சி.

அதனால் உங்கள் விதியும் எத்தனை பேர், எவ்வளவு நேரம், காற்றோட்டம் உண்டா, பாடுகிறார்களா என்பதைப் பற்றித்தான் பேச வேண்டும். நியூயார்க்கில் 2020 இறுதியில் தொற்று மிகுந்த பகுதிகளில் வழிபாட்டுக்கு 10 பேர்தான் என்றார்கள், ஆயிரம் பேர் உட்காரும் தேவாலயத்துக்கும் அதே 10, ஆனால் அத்தியாவசியம் என்று பட்டியலில் சேர்த்த கடைகளுக்கு அப்படி எந்தத் தலைக்கணக்கும் கிடையாது. நவம்பர் 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வரம்பைத் தடுத்து நிறுத்தியது. கட்டுப்பாட்டைக்கூட ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஓரவஞ்சனையைத்தான் பொறுக்க மாட்டார்கள்.

பக்தர்கள் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள். 2019இல் ஏறத்தாழ 25 லட்சம் பேர் செய்த ஹஜ்ஜை, 2020இல் சுமார் ஆயிரம் பேர் அளவுக்குச் சுருக்கினார்கள். காரணம் கண்ணுக்குத் தெரிந்தது, உலகம் முழுக்க முஸ்லிம்கள் மனக்கஷ்டத்தோடு ஏற்றுக்கொண்டார்கள்.

இலங்கையில் நடந்தது வேறு. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அதுதான். கோவிட்டால் இறந்தவர்களைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. ஆனால் ஏப்ரலில் வந்த அரசிதழ் அறிவிப்பு தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள். ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டி, தொழுகை நடத்தி, மண்ணில் அடக்கம் செய்ய வேண்டிய முஸ்லிம் குடும்பங்கள் வெறும் கையோடு நின்றன. அந்த டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமலே எரித்தார்கள். 2021 பிப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரித்த உடலை எந்த மன்னிப்பு திருப்பித் தரும்?

கோவிலோ பள்ளிவாசலோ ஒரு மாதம் மூடிக் கிடந்தால் அப்புறம் திறந்துகொள்ளலாம். இறுதிச் சடங்கு ஒரு மனிதருக்கு ஒரே ஒரு தடவைதான். இரண்டையும் ஒரே ஆணையில், ஒரே வரியில் வைத்து எழுதாதீர்கள்.

சட்டம் உங்களுக்குப் போதிய இடம் தருகிறது. 1966இல் ஐ.நா. ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின்படி, மத உரிமையை அவசரநிலையைக் காட்டி இடைநிறுத்த முடியாது; அதே உடன்படிக்கை, பொதுச் சுகாதாரத்துக்குத் தேவைப்படும் அளவுக்கு வழிபாட்டு நடைமுறைகளுக்கு வரம்பு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. அந்தத் ‘தேவைப்படும் அளவு’ எவ்வளவு என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு ஆணையிலும் மருத்துவக் காரணத்தையும், அது காலாவதியாகும் தேதியையும் எழுதுங்கள்.

அவசரம் எதுவும் இல்லாத இப்போதே இதற்கு உட்காருங்கள். இமாம்களையும் குருக்களையும் பாதிரியார்களையும், அவர்களோடு பிணத்தைக் குளிப்பாட்டுகிறவர்களையும் மயானத்தில் வேலை செய்கிறவர்களையும் கூப்பிட்டு, முதலில் அடக்கம், தகனம் பற்றிய விதியை எழுதி முடியுங்கள், மற்றதை அடுத்துப் பார்க்கலாம்.