பிரெஞ்சு அகாதெமிக்கு: அது சம்மதமா?

அகாதெமியின் 40 இருக்கைகளில் அமர்ந்திருப்பவர்களுக்கு வணக்கம்.

1637 விவகாரத்தை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்பீர்கள். பிரெஞ்சு மொழியையும் இலக்கியத்தையும் பேண அமைந்த உங்கள் சபை தொடங்கி 2 ஆண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் நாடகாசிரியர் கோர்னேயின் ‘லெ சித்’ நாடகத்துக்குத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். தீர்ப்பைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. என்னை உறுத்துவது அதற்கு முன் வாங்கிய சம்மதம்.

பாரிஸின் மாரே அரங்கில் கூட்டம் அலைமோதிய நாடகம் அது. அந்த மிதப்பில் கோர்னேய், தன் புகழுக்குத் தான் ஒருவன்தான் காரணம் என்று ஒரு கவிதையில் மார்தட்டிக்கொண்டார். சும்மா விடுவார்களா? ஸ்பானிய நாடகத்திலிருந்து சுட்டது, நாடக விதிகளை மீறியது, தந்தையைக் கொன்றவனையே விரும்பும் நாயகி சிமேன் வெட்கங்கெட்டவள் என்று அடுக்கினார் போட்டி நாடகாசிரியர் ஸ்குதெரி. கடைசியில் உங்களிடமே முறையிட்டார்.

ஆனால் உறுப்பினர் அல்லாதவரின் நூலை அவர் ஒப்புக்கொள்ளாமல் ஆராயக் கூடாது என்பது நீங்களே எழுதிவைத்த விதி. சபையை நிறுவியவரும் மன்னரின் முதன்மை அமைச்சருமான கார்டினல் ரிஷ்லியூவுக்கோ தீர்ப்பு வேண்டும். கோர்னேயைச் சம்மதிக்கவைக்கும் வேலை கார்டினலுக்கு நெருக்கமான உங்கள் உறுப்பினர் புவாரொபேரிடம் வந்தது. இழுத்தடித்துக் கடைசியில் கோர்னேய் எழுதிய பதிலின் சாரம் இது: அகாதெமிக்காரர்கள் இஷ்டப்படி செய்துகொள்ளட்டும், கார்டினலுக்கு அது பொழுதுபோக்காக இருக்குமென்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை.

மௌனம் சம்மதம் என்பார்கள். இது பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிய வரி. கார்டினலுக்கு அதுவே போதுமாக இருந்தது; உங்களுக்கும்.

அப்புறம் உங்கள் உறுப்பினர் ஷாப்லன் தீர்ப்பின் வரைவை எழுதினார். கொஞ்சம் பூத்தூவச் சொன்னார் கார்டினல். தூவினீர்கள்தான், நாடகத்தின் அழகை மறுக்கவில்லை. ஆனால் கதையைத் திருத்த நீங்கள் சொன்ன யோசனைகள் இருக்கின்றனவே! நாயகன் கையால் செத்த பிரபு சிமேனின் சொந்தத் தந்தை இல்லை என்று கடைசியில் தெரியவரலாமாம். இல்லையென்றால் அந்தப் பிரபு சாகாமல் காயத்தோடு பிழைத்துக்கொள்ளலாமாம். இன்றைய டிவி சீரியல்காரர்கள் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அதன்பின் 1640 வரை கோர்னேயிடமிருந்து புதிய நாடகம் வரவில்லை. பிறகு அவரே உங்கள் வாசலுக்கு வந்தார். 2 முறை ஒதுக்கிவிட்டு, 1647-இல் சேர்த்துக்கொண்டீர்கள்.

மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. அடுத்த முறை அந்தத் தீர்ப்பை அச்சிடும்போது, முதல் பக்கத்தில் கோர்னேயின் கடிதத்தைப் போடுங்கள். அதைப் படித்துவிட்டு வாசகர் பக்கத்தைப் புரட்டட்டும்.

இப்படிக்கு,
நாடகம் படிக்கும் ஒரு தமிழ் வாசகன்