சூனியக்காரி என்ற பட்டமும் நிலப் பட்டாவும்: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

2025 ஜூலையில் பீகாரின் பூர்ணியா மாவட்டம் டெட்காமா கிராமத்தில், சூனியம் வைத்ததாகக் கூறி ஒரே குடும்பத்தினர் ஐவர் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். ஊரில் ஒரு குழந்தை இறந்திருந்ததும், இன்னொரு குழந்தை நோயில் கிடந்ததும்தான் அவர்கள்மேல் பழி விழக் காரணம்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் அச்சம் புரிகிறது. மருத்துவர் எட்டாத ஊரில் அந்த அச்சம் ஓஜா எனப்படும் மந்திரவாதியிடம் போய் நிற்கும். அவர் ஒரு பெயரைச் சொல்வார். அது பல நேரங்களில் நிலம் வைத்திருக்கும் கைம்பெண்ணின் பெயராகவே இருப்பது ஏன்? ஜார்க்கண்டின் சோட்டாநாக்பூர் பகுதியில் வாழும் ஹோ பழங்குடிச் சமூக வழக்கப்படி, கணவனின் நிலத்தை அவள் தன் ஆயுள்வரை அனுபவிக்கலாம். பிறகு அது அவன் பங்காளிகளைச் சேரும். 1996இல் மது கிஷ்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் காத்துக் கொடுத்ததும் அந்நிலத்தை நம்பிப் பிழைக்கும் உரிமையைத்தான். ஆக, அவள் உயிரோடிருப்பதே சிலருக்கு இடையூறு. மாடு செத்தாலும் அவள்தான், காய்ச்சல் வந்தாலும் அவள்தான். கொல்லக்கூட வேண்டாம், ஊரைவிட்டு ஓடினாலே போதும். அடுத்த மழைக்கு அவள் வயலில் யார் ஏர் பூட்டுகிறார் என்று பார்த்தால் சூனியத்தின் சூத்திரம் விளங்கிவிடும். காவல்துறை அதைப் பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பீகாரின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஒருத்தியைச் சூனியக்காரி என்று அடையாளம் காட்டுவோருக்கு அதிகபட்சத் தண்டனை மூன்று மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும்தான். ஜார்க்கண்ட் பின்பற்றுவதும் அதையே. தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டுபவருக்கும் தாங்கள் 2019இல் திருத்திய சட்டம் அதே 1,000 ரூபாயைத்தான் விதிக்கிறது. ஓட்டுநர் உரிமம் மூன்று மாதம் பறிபோகும் என்பதால் இரண்டும் ஏறக்குறைய சமநிலைக் குற்றங்கள் என்று கொள்ளலாமா? இதே பழி சுமத்தப்பட்டு விரட்டப்பட்டு, பின்னர் பலரை மீட்ட சுட்னி மஹதோவுக்கு 2021இல் பத்மஸ்ரீ வழங்கினோம். சட்டம் இயற்றுவதைவிட விருது வழங்குவது எளிது போலும்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. அசாம் 2015இல் நிறைவேற்றிய சட்டம் இதைப் பிணையில் விட முடியாத குற்றமாக்கியது. அத்தகைய சட்டம் நாடு முழுமைக்கும் வேண்டும். அதில், புகார் வந்தவுடன் நில ஆவணத்தைச் சரிபார்க்கவும், வழக்கு முடியும்வரை அந்நிலம் கைமாறாமல் தடுக்கவும் ஒரு பிரிவு சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்