வயலை மூடி வீட்டுமனை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கூடலூர் பக்கம், குமுளி மலை அடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் வாய்க்காலுக்குக் கீழே இருக்கிற இருபோக நஞ்சையில் வீட்டுமனை போட அனுமதி கேட்டிருக்கிறார்கள். அனுமதி வரும் முன்பே கல் ஊன்றி மஞ்சள் பெயின்ட் அடித்தாயிற்று, டிப்பரில் செம்மண் கொண்டுவந்து கொட்டவும் தொடங்கிவிட்டார்கள். இதற்கு அனுமதி கொடுக்கவே கூடாது.

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பி இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். இந்தக் கணக்கு எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1895-ல் அணை கட்டி முடித்ததிலிருந்து எங்கள் சோறு அந்தத் தண்ணீரில்தான். 2011 டிசம்பரில் அணைக்கு ஆபத்து என்றதும் ஊர் ஊராகக் கிளம்பிக் குமுளியை நோக்கி நடந்தோமே, அது எதற்காக? 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது வெடி வெடித்தோமே, அது எதற்காக? இந்த வயலுக்காகத்தானே! தண்ணீருக்காக அவ்வளவு போராடிவிட்டு, அது பாய வேண்டிய மண்ணைச் செண்ட் கணக்கில் விற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அவரவர் நிலம், அவரவர் விற்கிறார்கள், உனக்கென்ன" என்று கேட்கிறார்கள். நெல் வயலைப் பற்றித் தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி அது. எங்களுக்கு வயலுக்கு வயல்தான் தண்ணீர் பாயும், மேல் வயலில் நிறைந்து மடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கும். நடுவில் ஒருவர் மூன்றடி மண் கொட்டி மேடாக்கினால் கீழே இருக்கிறவருக்குத் தண்ணீர் வராது, மேலே இருக்கிறவருக்குத் தண்ணீர் வடியாது. எங்கள் வயலுக்கு மேல் இருந்த மடையை மண் மூடிவிட்டது. போன வாரம் நானும் அண்ணனும் மண்வெட்டியோடு போய்த் தேடினோம், மடைக்கல்லின் ஓரம் மட்டும்தான் தட்டுப்பட்டது. இப்படியே விட்டால் கீழே இருக்கிற பத்துப் பதினைந்து குடும்பமும் தரிசு போட வேண்டியதுதான். அப்புறம் அதே ஆட்கள் வந்து, "விளையாத நிலத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள், கொடுத்துவிடுங்கள்" என்பார்கள்.

விற்றவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உரம் விற்கிற விலை, நடவுக்கு ஆள் கிடைக்காத கஷ்டம், மகள் கல்யாணம் எல்லாம் எனக்கும் தெரியும். ஊரில் பாதிப் பேர் விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீடும் வேண்டும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு மேற்கே மானாவாரி மேடு காலியாகக் கிடக்கிறது, ரோடும் அங்கேதான் போகிறது, அங்கே கட்டட்டும். மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில், கடன் வாங்கி மனை வாங்கப் போகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியும். 1970-களில் கேரளாவில் நெல் வயல் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது, இன்று கிட்டத்தட்ட இரண்டு லட்சம். முக்கால்வாசி போன பிறகுதான் 2008-ல் வயலை மூடக்கூடாது என்று தனிச் சட்டமே போட்டார்கள். நாமும் அவ்வளவு இழந்த பிறகுதான் விழிக்க வேண்டுமா?

இங்கே என்ன நடக்கிறது என்றால், முதலில் மனையைப் போட்டு விற்றுவிடுவது, பிறகு எப்படியும் வரன்முறை செய்து, அனுமதி இல்லாத மனையையும் சட்டப்படி செல்லும்படி ஆக்கிவிடுவார்கள் என்ற நினைப்பு. 2016-ல் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது, அடுத்த வருடமே பழைய மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. அதிலிருந்து இந்தத் தைரியம் இன்னும் கூடிவிட்டது.

கலெக்டர் ஐயாவும் வேளாண்துறை, நகர் ஊரமைப்புத் துறை அதிகாரிகளும் வரைபடத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், ஒரு தடவை எங்கள் வாய்க்கால் கரையில் நடந்து பார்க்க வேண்டும். விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும். ஜூனில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்குள், கொட்டிய மண்ணை அள்ளவைத்து அந்த மடையைத் திறந்து தர வேண்டும். நாற்றங்காலுக்கு விதை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
கூடலூர் அருகே, தேனி மாவட்டம்