அல்பராசின் ஊரைக் காத்த கைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஸ்பெயின் நாட்டின் பழைய மலையூர்களைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். பார்சிலோனா, மாட்ரிட் என்று எல்லோரும் எழுதும் நகரங்களை விட்டுவிட்டு, உள்நாட்டுச் சிற்றூர்களை எழுத முன்வந்ததற்கு முதலில் என் நன்றி. அக்கட்டுரையில் அரகோன் பகுதியின் தெருவேல் மாகாணத்தில் உள்ள அல்பராசின் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. இடைக்காலத்தில் கட்டியபடியே கைபடாமல் நிற்கும் ஊர் என்றும், வலென்சியாவிலிருந்து காரில் போய் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. இந்த இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஊரில் தங்கி, அதன் தெருக்களில் காலையிலும் மாலையிலும் நடந்து பார்த்தவன் என்ற முறையில், அங்கு என்ன நடந்திருக்கிறது, என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தெருவேல் நகரிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,170 மீட்டர் உயரத்தில் அல்பராசின் இருக்கிறது. குவாதலவியார் ஆறு அந்தப் பாறைக்குன்றை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. இதே ஆறுதான் கீழே இறங்கித் துரியா என்ற பெயரில் வலென்சியாவில் கடலைச் சேர்கிறது. ஆறு விட்டுவைத்த குறுகலான முதுகில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் நெருங்கி நிற்கின்றன. அடித்தளம் கல், அதற்கு மேல் மரச்சட்டம் போட்டு, இடையிடையே ஜிப்சம் சாந்து நிரப்பிய சுவர். மாடிக்கு மாடி சுவர் சற்று வெளியே தள்ளி வருவதால், சில சந்துகளில் எதிரெதிர் வீடுகளின் இறவாரங்கள் ஒன்றையொன்று தொட்டுவிடும் அளவுக்கு நெருங்கி, வானம் ஒரு கோடாகவே தெரிகிறது. மொலினா வாயிலை ஒட்டி, இரு தெருக்கள் பிரியும் முனையில் நிற்கும் ஹூலியானெத்தா வீட்டில் நேர்க்கோடு என்று ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. அதன் சுவர் வளைந்திருக்கிறது, சன்னல் சாய்ந்திருக்கிறது, கூரை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. இருந்தும் அது உறுதியாக நிற்கிறது. ஓவியக் கலைஞர்கள் தங்கிப் பணிபுரியும் இடமாக இன்று பயன்படுகிறது.

இந்த ஊர் மாறவே இல்லை என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. 11ஆம் நூற்றாண்டில் பனூ ரசீன் என்ற வட ஆப்பிரிக்கப் பெர்பர் இனத்துக் குடியினர் இங்கிருந்து தனியரசு நடத்தினர்; ஊரின் பெயரே அவர்களிடமிருந்து வந்தது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நவார்ராவைச் சேர்ந்த அசாக்ரா குடும்பத்தின் கைக்கு வந்து, அரகோன், காஸ்தில் என்னும் இரு பெரிய அரசுகளுக்கு நடுவே எவருக்கும் அடங்காத சிற்றாட்சியாக நீடித்து, 1300இல்தான் அரகோன் முடியாட்சியுடன் முழுமையாக இணைந்தது. குன்றின் உச்சியில் உள்ள அந்தாதோர் கோபுரம் வரை ஏறிச்செல்லும் மதில் அந்தப் போர்க்காலங்களின் மிச்சம். இன்று பார்ப்பவர்களுக்கு வியப்பளிப்பது அந்த மதிலுக்குள் ஊரைவிட வெறுஞ்சரிவே அதிகமாக இருப்பதுதான். ஊரின் பேராலயத்தின் பெரும்பகுதி 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊரின் செல்வம் ஆட்டு ரோமத்திலிருந்து வந்தது. குளிர்காலத்தில் மேய்ப்பர்கள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு தெற்கே அந்தலூசியாவின் மேய்ச்சல் நிலங்களுக்குப் போய், கோடையில் மலைக்குத் திரும்புவார்கள். சில குடும்பங்கள் இன்றும் அப்படிச் செய்கின்றன. இவ்வாறு பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்ந்து மேய்க்கும் வழக்கத்தை 2023இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஸ்பெயினுக்கும் உரியதாகச் சேர்த்தது.

இவையெல்லாம் பழைய கதை என்று ஒதுக்கினாலும், 1937ஐ ஒதுக்க முடியாது. ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது அந்த ஆண்டு ஜூலையில் இந்த ஊரைக் கைப்பற்றுவதற்காகக் கடும் சண்டை நடந்தது. அதே ஆண்டின் குளிர்காலத்தில், உறைபனிக்கு நடுவே, தெருவேல் நகரப் போர் தொடங்கியது. போருக்குப் பின் வறுமை வந்தது. அதன்பின் இளைஞர்கள் சரகோசாவுக்கும் வலென்சியாவுக்கும் பார்சிலோனாவுக்கும் வேலை தேடிப் போனார்கள். ஆள் இல்லாத வீட்டின் கூரையில் ஓர் ஓடு நகர்ந்தால் மழைநீர் உள்ளே இறங்கும். நீர் இறங்கினால் ஜிப்சம் கரையும், மரம் இற்றுப்போகும். சில குளிர்காலங்களில் சுவரே விழுந்துவிடும். 1961இல் ஸ்பெயின் அரசு ஊர் முழுவதையும் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. ஆனால் அறிவிப்பு மட்டும் எந்தக் கூரையையும் வேய்ந்துவிடாது.

இங்கே அந்தச் சாந்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும், ஏனெனில் அல்பராசினின் அழகு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அந்த வட்டாரத்து ஜிப்சம் கல்லில் இரும்புச்சத்து கலந்த மண் சேர்ந்திருப்பதால், சுவர்கள் வெளிர் ரோஜா நிறத்திலிருந்து செங்காவி வரை பல சாயல்களில் அமைகின்றன. வெயில் சாயும்போது ஊர் முழுவதும் ஒரே செம்மையாகச் சிவந்துவிடுகிறது. கல்லைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள நீர் வெளியேறும். பொடித்து மீண்டும் நீர் சேர்த்தால் சில நிமிடங்களிலேயே இறுகிக் கல்லாகும். ஜிப்சம் நீரில் சிறிது கரையக்கூடியது என்பதால் மழை மிகுந்த இடங்களில் அதை வெளிச்சுவருக்குப் பூச மாட்டார்கள். அல்பராசினில் மழை குறைவு. போதாதற்கு, இறவாரங்களை முன்னே நீட்டிச் சுவருக்குக் குடை பிடிக்கிறார்கள். நான் நடந்த ஒரு சந்தில் ஒரு பழைய வீட்டின் சுவரை இரண்டு கொத்தனார்கள் பூசிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் வாளியில் ஒரு கரணைக்குக் கொஞ்சம் அதிகமான அளவுக்கே சாந்து குழைப்பதும், அது தீரும்வரை வேகமாகப் பூசுவதும், வாளியைத் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி குழைப்பதுமாக வேலை நடந்தது. மொத்தமாகக் குழைத்துக்கொண்டால் என்ன என்று சைகையால் கேட்டேன். மூத்தவர் வாளியின் அடியில் ஒட்டியிருந்த காய்ந்த கட்டியை எடுத்துக் கல்லில் தட்டிக் காட்டினார், அது உடையவில்லை. சுவரை மட்டப்பலகையால் தேய்த்துச் சமன்படுத்தாமல், பழைய பரப்பின் மேடுபள்ளத்தைக் கையால் தடவிப் பார்த்து அதற்கேற்பப் பூசியதையும் கவனித்தேன். பழைய பகுதி எங்கே முடிகிறது, புதிய பகுதி எங்கே தொடங்குகிறது என்பது இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது.

சிமெண்டு பூசியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், செலவும் குறைந்திருக்கும். ஆனால் சிமெண்டு ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்து, மரச்சட்டத்தை மக்கச் செய்துவிடும். இந்த அறிவு ஊரில் தானாகத் தங்கிவிடவில்லை. வேலையில்லாத இளைஞர்களுக்குப் பழைய கட்டடங்களைச் சீர்செய்யும் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் பட்டறைகள் 1980களில் ஸ்பெயின் முழுவதும் பரவின. ஹோசே மரியா பெரேஸ் கோன்சாலஸ் என்ற கட்டடக் கலைஞர் அகிலார் தே கம்போ ஊரில் ஒரு மடாலயத்தைச் சீரமைக்கும் பணியிலிருந்து வளர்த்தெடுத்த யோசனை அது. அல்பராசினிலும் அத்தகைய பட்டறை ஒன்று தொடங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1996இல் அரகோன் அரசும் ஊராட்சியும் மறைமாவட்டமும் பங்கேற்க, சாந்தா மரியா அறக்கட்டளை உருவானது.

அந்த அறக்கட்டளையின் வழிமுறை எளிமையானது, ஆனால் பல இடங்களில் யாரும் பின்பற்றாதது. சீர்செய்த கட்டடத்தைப் பூட்டிவைக்காமல் ஒரு பயன்பாட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். ஆயரின் மாளிகையில் கூட்டங்களும் கருத்தரங்குகளும் நடக்கின்றன. சாந்தா மரியா தேவாலயத்தில் இசை நிகழ்ச்சிகள். ஒரு காலத்தில் காவல் காத்த கோபுரத்தில் ஓவியக் காட்சிகள். பழைய வீடுகளில் பயிற்சிக்கு வருபவர்கள் தங்குகிறார்கள். கட்டடம் ஈட்டும் வருமானம் பராமரிப்புக்கு உதவுகிறது, பராமரிப்பு உள்ளூர்க்காரர்களுக்கு வேலை தருகிறது. ஒருமுறை பெரும்பணம் செலவழித்துப் புதுப்பித்துவிட்டு, நாடா வெட்டித் திறந்து, பின்பு பத்தாண்டு மறந்துவிடும் பழக்கம் அங்கு இல்லை. ஒழுகும் கூரையின் ஓடுகளை அந்த ஆண்டே மாற்றுகிறார்கள். என் பார்வையில் அல்பராசினின் உண்மையான சாதனை இந்த விடாத சிறு வேலைதான். மதிலும் கோபுரமும் ஸ்பெயினில் வேறு பல ஊர்களிலும் உண்டு.

தங்கள் கட்டுரை பெரிதும் புகழ்ந்த அமைதியைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்குக் கடைகளின் கதவுகள் சாத்தப்படுகின்றன. மாலை ஐந்து மணி வரை அந்தக் கூழாங்கல் தெருக்களில் நம் காலடி ஓசையும், கீழே ஆற்றின் ஓசையும் தவிர எதுவும் கேட்காது. கதவுகளில் பல்லி போலவும் பறவை நாகம் போலவும் அமைந்த, கதவைத் தட்டுவதற்கான இரும்புப் பிடிகளைப் பார்த்துக்கொண்டே நடப்பது மனத்துக்கு மிகவும் இதமாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதவுகளில் பலவற்றுக்குப் பின்னால் ஆண்டு முழுவதும் யாரும் வசிப்பதில்லை. ஊராட்சி எல்லைக்குள் வாழ்பவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான். நூறு ஆண்டுகளுக்கு முன் இரண்டரை லட்சம் பேர் வாழ்ந்த தெருவேல் மாகாணத்தில் இன்று இருப்பவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அதே பரப்பில் 555 பேர் வாழ்ந்தார்கள் என்பதோடு வைத்துப் பார்த்தால், அந்த வெறுமையின் அளவு நமக்குப் புரியும். மாட்ரிட்டுக்கு நேரடி ரயில் இல்லை, மருத்துவர்கள் இல்லை, பள்ளிகள் மூடப்படுகின்றன என்று 1999 முதல் ‘தெருவேலும் இருக்கிறது’ என்ற பெயரில் மக்கள் இயக்கம் ஒன்று போராடிவருகிறது. 2019 மார்ச் 31 அன்று, ஆள் குறைந்துவரும் மாகாணங்களின் மக்கள் மாட்ரிட் வீதிகளில் பெருந்திரளாக ஊர்வலம் சென்றார்கள். அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் தெருவேல் இயக்கம் நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தையும் வென்றது. சுற்றுலாப் பயணிகளாகிய நாம் ரசிக்கும் அமைதி, அங்கே வாழ்பவர்களுக்கு ஓர் அரசியல் கோரிக்கையின் காரணமாகவும் இருக்கிறது என்பதை எழுதாமல் விட்டால் கட்டுரை பாதியாகவே நிற்கும்.

இதனால்தான் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்ற ஆலோசனை எனக்கு வருத்தம் அளித்தது. அப்படி வருபவர்கள் ஊருக்கு வெளியே காரை நிறுத்தி, ஊராட்சி மன்றம் அமைந்த சதுக்கத்தில் படம் எடுத்து, ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களால் ஊருக்குக் கிடைப்பது சொற்பம். ஓர் இரவாவது தங்குபவர் உள்ளூர் விடுதிக்கும் உணவகத்துக்கும் வருமானம் தருகிறார், அந்த மலையின் ஆட்டுப்பாலில் செய்த பாலாடைக்கட்டியையும் தெருவேலின் பன்றித்தொடை உப்புக்கண்டத்தையும் சிறு கடையில் வாங்குகிறார். காலையில் மதிலோடு ஏறிப் போகவும், மாலையில் மரப்பாலங்கள் போட்ட ஆற்றங்கரைப் பாதையில் ஊரைச் சுற்றி வரவும் அவருக்கு நேரம் இருக்கும். அருகிலுள்ள ரொதேனோ பைன் காட்டின் செம்மணற்பாறைகளில் காளைகளின் உருவங்களை வரைந்திருக்கிறார்கள். 1998இல் உலக மரபுச் சின்னமாகப் பதிவான தொல்பழங்கால ஓவியங்கள் அவை. மலைப்பாறையைக் குடைந்து செய்யா ஊர் வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீரைக் கொண்டுசென்ற ரோமானியக் கால்வாயையும் பக்கத்திலேயே பார்க்கலாம். வயதானவர்களை அழைத்துச் செல்வோர், தெருக்களெல்லாம் ஏற்றமும் படியுமாக இருப்பதையும், குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்கு வெகுவாகக் கீழே இறங்குவதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மே, ஜூன் மாதங்களும் செப்டம்பரும் நல்ல பருவம். வார இறுதியில் ஸ்பானியர்களே கூட்டமாக வருவார்கள் என்பதால் வாரநாளில் போவது நல்லது. ஏப்ரல் 30 அன்று இரவு அங்கே இருக்க வாய்த்தவர்கள், இளைஞர்கள் குழுவாகச் சென்று பாடும் மே மாதப் பாடல்களை ஊர்மக்களோடு நின்று கேட்கலாம்.

பயண இணைப்பை வாரந்தோறும் ஆர்வத்துடன் வாசிப்பவன் என்ற உரிமையில் ஒரு வேண்டுகோள். பழைய ஊர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதுங்கள். எழுதும்போது அங்கே சாந்து குழைப்பவர், ஓடு மாற்றுபவர், மரச்சட்டம் இழைக்கும் தச்சர், கோபுரத்தின் சாவியை வைத்திருந்து வருபவர்களுக்குத் திறந்துகாட்டுபவர் ஆகியோரிடமும் பேசி, அவர்கள் சொல்வதையும் அச்சிடுங்கள். அல்பராசினில் அத்தகையோர் கேட்டால் விளக்கத் தயங்குவதில்லை. நேரம் ஒதுக்கி நிற்பவருக்குச் சுவரின் உட்புறத்தையே காட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
திருச்சிராப்பள்ளி