வழுக்கியாற்றங்கரையில் நடைபாதை அமைத்துத் தருமாறு கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
சண்டிலிப்பாய், யாழ்ப்பாணம்.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம், யாழ்ப்பாணம்.

விடயம்: வழுக்கியாற்றின் ஒதுக்கு நிலத்தை (ஆற்றுக்கென்று விடப்பட்ட கரையோர நிலத்தை) அளந்து எல்லையிடுவதும், கரையோரமாக மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓடவும் மண்பாதை அமைப்பதும்

மதிப்பிற்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

வணக்கம். வழுக்கியாற்றின் இரு கரையிலும் உள்ள ஊர்களில் 31 வருடங்கள் சைக்கிளில் திரிந்து வேலை செய்தவள் நான். மாரி காலத்தில் மதவுக்கு மேலால் தண்ணீர் பாயும்போது சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பிரசவ வீட்டுக்குப் போன நாட்களும் உண்டு. எந்த ஒழுங்கை ஆற்றில் போய் முடியும், எந்த வளவுக்குள் வெள்ளம் ஏறும் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அந்தப் பழக்கத்தின் உரிமையில்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய பூங்காவை அல்ல. சண்டிலிப்பாயிலிருந்து நவாலிப் பக்கமாக, முதல் கட்டத்தில் இரண்டு கிலோமீற்றர் தூரம் ஆற்றின் கரையைத் துப்புரவாக்கி, ஆறடி அகலத்தில் ஒரு மண்பாதையும், வெயிலுக்கு ஒதுங்க நிழல் மரங்களும், முதியவர்கள் இருந்து களைப்பாற சில வாங்குகளும் வேண்டும். அது சரிவந்தால் மேலே கந்தரோடை வரையும் கீழே அராலி வரையும் பிறகு நீட்டலாம்.

குடாநாட்டில் ஆறு என்று சொல்ல எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான். தெல்லிப்பழைப் பக்கத்தில் மழைநீரைச் சேர்த்துக்கொண்டு, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை வயல்களினூடாக வந்து அராலியில் கடல்நீரேரியோடு கலக்கிறது. மொத்த நீளம் ஏறக்குறைய 16 கிலோமீற்றர். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை தண்ணீர், சித்திரைக்குப் பிறகு வெடித்த நிலமும் ஆடுமாடும். ஆண்டில் பாதி நாள் வறண்டு கிடப்பதால் இதை ஆறென்று மதிக்க எங்களுக்கே மனம் வருவதில்லை, வாய்க்கால் என்றுதான் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். வாய்க்கால் என்று சொல்லத் தொடங்கியதும் குப்பை கொட்டவும் மனம் வந்துவிடுகிறது.

இந்த எண்ணம் எனக்கு ஊரில் இருந்தபோது வரவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கனடாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் நின்றபோதுதான் வந்தது. அவள் இருப்பது ஸ்காபரோவில். அங்கே எங்கள் ஊர் ஆட்கள் எவ்வளவு பேர் என்பது தங்களுக்குத் தெரியும். ஒரு புரட்டாதி மாதத்து ஞாயிற்றுக்கிழமை பேத்தியையும் கூட்டிக்கொண்டு ரூஜ் என்ற ஆற்றங்கரைக்குப் போனோம். 2015ஆம் ஆண்டு கனடா அரசு சட்டமியற்றி உருவாக்கிய முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா அது. ஏறக்குறைய 79 சதுர கிலோமீற்றர் என்றாள் மகள். பெரிய கட்டடங்களையும் நுழைவுச்சீட்டையும் எதிர்பார்த்துப் போன எனக்கு, வாசலில் காசு கேட்க ஒருவரும் இல்லாதது ஆச்சரியமாக இருந்தது. உள்ளே மண்பாதைதான். மரவேரும் கல்லும் உள்ள இடத்தில் கவனமாகக் கால் வைக்க வேண்டும். மேடான ஓர் இடத்தில் பலகையால் ஒரு தட்டு அடித்திருந்தார்கள், அதில் ஏறி நின்றால் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். இன்னொரு பாதை, 200 வருடத்துக்கு முன் கப்பல் பாய்மரத்துக்கு நெட்டையான பைன் மரங்களைத் தறித்து இழுத்துவந்த வழியாம், அந்தப் பழைய தடத்தையே நடைபாதையாக வைத்திருக்கிறார்கள். கீழே ஆற்றில் சல்மன் மீன்கள் ஏரியிலிருந்து முட்டையிட மேலேறிக்கொண்டிருந்தன. பேத்தி வீட்டுக்கு வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

என் மனதில் மிகவும் பதிந்தது வேறொன்று. அந்தப் பூங்காவின் எல்லைக்குள்ளேயே தோட்டம் செய்கிறார்கள். சோளமும் மரக்கறியும் விளைகிற நிலங்கள். பூங்கா வந்தபோது கமக்காரனை எழுப்பிவிடவில்லை. அவனுடைய வேலையையும் பூங்காவின் பகுதியாகவே வைத்துக்கொண்டார்கள்.

அன்று கரையில் ஒரு வாங்கில் இருந்தபோது பக்கத்தில் வந்திருந்த முதியவர் தமிழில் பேச்சுக் கொடுத்தார். அளவெட்டிக்காரர். முப்பத்தைந்து வருடமாக ஊருக்கு வரவில்லையாம். நான் சண்டிலிப்பாய் என்றதும், "அக்கா, வழுக்கியாறு இப்பவும் ஓடுதோ?" என்று கேட்டார். மாரியில் ஓடும் என்றேன். "கரையால நடக்கலாமோ?" என்றார். அதற்கு என்னால் ஆமென்று சொல்ல முடியவில்லை. கரை எங்கே இருக்கிறது? ஓரிடத்தில் உடைமுள்ளும் நாயுருவியும் மூடிக் கிடக்கிறது, இன்னோரிடத்தில் வேலி ஆற்றுக்குள் இறங்கி நிற்கிறது, மதவடியில் பொலித்தீன் பையும் கட்டட உடைசலும். அவருக்கு இதையெல்லாம் விபரிக்க எனக்கு வாய் வரவில்லை.

ரொறன்ரோ நகரில் ஆற்றங்கரைகள் எப்படி மக்களுக்குக் கிடைத்தன என்று மருமகன் பிறகு சொன்னார். அது தங்கள் நிர்வாகத்துக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். 1954 ஒக்ரோபரில் ஹேசல் என்ற சூறாவளி ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தைத் தாக்கி 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றோரம் ஒரு தெருவில் வீடுகளே மனிதர்களோடு அள்ளுண்டு போயின. அதன் பிறகுதான் வெள்ளம் பாயும் பள்ளமான நிலத்தில் வீடு கட்ட விடக்கூடாது என்று முடிவெடுத்து, அந்த நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. வீடு கட்ட முடியாத நிலத்தை என்ன செய்வது? மரம் நட்டு, பாதை வெட்டி, மக்களிடம் கொடுத்துவிட்டார்கள். வருடத்தில் சில நாள் வெள்ளம் வந்து பாதையை மூடும், வடிந்ததும் சேற்றைத் தள்ளிவிட்டு மறுபடி நடப்பார்கள்.

எங்களுக்கும் வெள்ளம் புதிதல்ல. 2008 கார்த்திகையில் நிசா புயலோடு வந்த மழையில் தாழ்வான ஊர்கள் எல்லாம் தண்ணீருக்குள் நின்றன. அந்த மழைக்குள் நான் கர்ப்பிணித் தாய்மார் இருவரைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஏறிய வளவுகளில் கணிசமானவை ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் உரிய இடத்தை நிரவிக் கட்டியவை. ஏழைகள் வேறு காணி கிடைக்காமல் அங்கே வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இனியாவது ஆற்றின் ஒதுக்கு நிலம் எதுவென்று நில அளவையாளர் வந்து அளந்து கல் நாட்டினால், நாளைக்கு ஒருவர் தெரியாமல் அதை வாங்கி ஏமாறமாட்டார். பாதை ஒன்று கரையில் ஓடினால், கல்லைப் பிடுங்கி வேலியை நகர்த்துவதும் அவ்வளவு சுலபமாக நடக்காது. தினமும் நூறு பேர் நடக்கிற இடத்தில் குப்பை கொட்ட வருபவரும் ஒருமுறை யோசிப்பார்.

இனி, நடப்பதைப் பற்றி. எங்கள் பக்கத்துக் கிளினிக்கில் சலரோகத்துக்கும் பிரசருக்கும் மருந்தெடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் என் காலத்தில் நான் பிள்ளைப்பேறு பார்த்த தாய்மார். டொக்டர் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: நடவுங்கோ. கிழமைக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. சரி, எங்கே நடப்பது? பிரதான வீதியில் பஸ்ஸும் டிப்பரும், ஒழுங்கைகளில் பெடியளின் மோட்டார் சைக்கிள். என்னோடு காலையில் நடக்க வந்த அயலவர் ஒருவர் மோட்டார் சைக்கிள் தட்டி இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்ணும் விடிய நடக்கப் போவதில்லை. ஆண்களுக்கு மைதானம் இருக்கிறது, வாசிகசாலைத் திண்ணை இருக்கிறது. ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே வந்து அரை மணித்தியாலம் காற்றாட நடந்தால், "எங்க போறியள்?" என்று நாலு பேர் கேட்பார்கள். கோவிலுக்கு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நடக்கத்தான் போகிறேன் என்று சொல்ல ஓர் இடம் வேண்டும்.

யாழ்ப்பாண நகரில் பண்ணைக் கடற்கரையிலும் ஆரியகுளத்தடியிலும் பின்னேரத்தில் குடும்பம் குடும்பமாகச் சனம் வருவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரிலிருந்து பஸ் எடுத்துப் போய் நடந்துவிட்டுத் திரும்புவதென்றால் ஒரு பின்னேரமே போய்விடும். தினமும் முடியாது.

பாதை எப்படி இருக்க வேண்டும் என்பதில் தாங்கள் கவனம் எடுக்க வேண்டும் என்று மிகவும் பணிவாகக் கேட்கிறேன். கொங்கிறீற்றும் வேண்டாம், வண்ணக் கல்லும் வேண்டாம். ஆற்றின் அடியிலோ கரையிலோ சீமெந்து பூசிவிட்டால் மழைநீர் நிலத்துக்குள் இறங்காமல் நேரே கடலுக்கு ஓடிவிடும். எங்கள் கிணறுகளுக்கு வேறு வழியில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிற மாரி மழைதான் ஆண்டு முழுவதும் குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் எங்களிடம் இருக்கிற தண்ணீர். உவர்நீர் மேலேறாதபடி அராலியில் தடுப்பணை கட்டியிருப்பதும் அந்தத் தண்ணீரைக் காக்கத்தான். ஆகவே கிறவல் பரவி இறுக்கிய பாதை போதும். ஒரு மாரியில் அரித்தால் அடுத்த பங்குனியில் இரண்டு லோட் போட்டுச் சரிசெய்யலாம். நிற்கும் பனைகளில் ஒன்றையும் தறிக்க வேண்டாம், பாதை அவற்றைச் சுற்றிப் போகட்டும். நிழலுக்கு மருதும் புங்கும் பூவரசும் நடலாம், கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற எங்கள் மாதர் சங்கம் பொறுப்பெடுக்கும். கொக்கும் நாரையும் வந்து நிற்கிற சதுப்பான இடங்களைக் கிளறாமல் விட வேண்டும். இரவு விளக்கும் அவசியமில்லை, விடியலில் இரண்டு மணித்தியாலமும் பின்னேரம் இரண்டு மணித்தியாலமும் நடந்தால் போதும். மாரியில் தண்ணீர் வேகமாகப் பாயும் நாட்களில் பாதையை மூட ஒரு தடியும், ஆழம் காட்டும் பலகையும், மதவடியில் சிறுவர்கள் விழாதபடி கம்பியும் கட்டாயம் வேண்டும். இதில் மட்டும் செலவைப் பார்க்கக்கூடாது. நீரில் மூழ்கிய பிள்ளையைத் தூக்கிவந்த வீட்டில் நான் நின்றிருக்கிறேன்.

கமக்காரரோடு முதலில் பேசாமல் ஒரு தடியும் நாட்ட வேண்டாம் என்பது என் அடுத்த கோரிக்கை. இந்தப் பேச்சு ஊரில் அடிபட்டவுடனேயே வயல்காரர் சிலர் என்னிடம் வந்து கேட்டார்கள்: லான்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம் போக வழி இருக்குமா, அரிவு வெட்டு நேரத்தில் கதிர்க்கட்டுகளைக் குவித்துச் சூடு போட இடம் இருக்குமா, பாதையால் வருகிறவர்கள் கதிரை மிதிப்பார்களா. எல்லாம் நியாயமான கேள்விகள். அறுவடை நாட்களில் பாதையை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கலாம், வரம்பில் இறங்கக்கூடாது என்று பலகை வைக்கலாம், மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் துறைகளை அப்படியே விடலாம். தனியார் காணியில் ஓர் அடியும் எடுக்க வேண்டாம். கமக்கார அமைப்புகள், கமநல அபிவிருத்தித் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம், பிரதேச சபைகள், பிரதேச செயலகங்கள் எல்லாவற்றையும் ஒரு மேசைக்குக் கூப்பிடத் தங்களால்தான் முடியும். நாங்கள் தனித்தனியாகப் போனால் ஒரு கந்தோர் மற்றக் கந்தோரைக் காட்டும். ஆற்றைத் துப்புரவாக்கச் சொல்லி முன்பு இரண்டு இடங்களில் கடிதம் கொடுத்து, இரண்டு இடத்திலும் "இது எங்களுக்குரியதல்ல" என்ற பதிலோடு திரும்பியவள் நான்.

தங்கள் செயலகத்தோடு ஒட்டியிருக்கும் பழைய பூங்காவை உண்டாக்கியவர், 19ஆம் நூற்றாண்டில் வடமாகாண அரசாங்க அதிபராக நெடுங்காலம் இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக். பூங்கா என்பது அரசாங்க அதிபரின் வேலைக்குள் வருமா என்று யாராவது கேட்டால், தங்கள் யன்னலுக்கு வெளியே நிற்கும் அந்த மரங்களைக் காட்டலாம்.

இந்த மனுவோடு எங்கள் ஊரவர்கள் ஒப்பமிட்ட தாள்களையும், நான் கையால் வரைந்த ஒரு படத்தையும் இணைத்திருக்கிறேன். படம் அளவுப்படி இல்லை, ஆனால் மதவுகளும் மாட்டுத்துறைகளும் வெள்ளம் ஏறும் இடங்களும் சரியாகக் குறித்திருக்கிறேன். தங்கள் உத்தியோகத்தர் யாராவது மாரிக்கு முன், ஆவணி அல்லது புரட்டாதியில், ஒரு காலை நேரம் வந்து அந்த இரண்டு கிலோமீற்றரையும் கால்நடையாகப் பார்க்க வேண்டும். வாகனத்தில் வந்தால் ஒன்றும் தெரியாது. திகதியை அறிவித்தால் ஆறு மணிக்கே சண்டிலிப்பாய் மதவடியில் வந்து நிற்பேன். முள்வெட்ட இரண்டு கத்தியோடு ஆட்களும் வருவார்கள்.

நன்றி.

இங்ஙனம்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
சண்டிலிப்பாய்.

இணைப்பு: ஊரவர் ஒப்பத் தாள்கள், கைவரைபடம்
பிரதி: பிரதேச செயலாளர்கள், உடுவில், சண்டிலிப்பாய், சங்கானை